துணி போர்த்திய மிருதங்கம்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வார்டு வாசலில் எங்களை வரிசையாக நிறுத்தி சீஃப் முதலில் பார்ப்பது நகத்தைத்தான். வெள்ளைக் கோட்டு கசங்கியிருக்கலாம், முகம் மழிக்காமல் வந்திருக்கலாம், கேஸ் ஷீட் பாதியில் நிற்கலாம். வலது கை நடுவிரல் நகம் மட்டும் வளர்ந்திருக்கக் கூடாது. வளர்ந்திருந்தால், "போய் வெட்டிட்டு வா, தம்பி" என்பார். குரலை உயர்த்த மாட்டார். சிஸ்டர் மேஜை இழுப்பறையில் அதற்கென்றே ஒரு நகவெட்டி கிடந்தது. பெண்களுக்கும் சலுகை இல்லை. எங்கள் செட்டில் ஒருத்தி மருதாணி வைத்து ஆசையாக வளர்த்திருந்த நகத்தை வெட்டிவிட்டு அன்று சாயங்காலம் வரை யாரோடும் பேசவில்லை.

1981. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் நான் மூன்றாம் வருஷம். பொது மருத்துவத்தில் எங்களுக்கு வாய்த்த யூனிட்டின் தலைவரை எல்லாரையும்போல 'சீஃப்' என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டிருந்தால்கூட முகம் சுளிக்கிற மனிதர்.

நகத்துக்கு ஏன் அவ்வளவு பாடு என்றால், தட்டிப் பார்ப்பதற்கு. நோயாளியின் முதுகில் இடது கை நடுவிரலை ஒட்ட வைத்து, அதன் மேல் வலது நடுவிரல் நுனியால் தட்ட வேண்டும். முழங்கை அசையக் கூடாது. மணிக்கட்டு மட்டும் ஆட வேண்டும். தட்டிய விரல் அந்தக் கணமே எழும்பிவிட வேண்டும். அங்கேயே படுத்துவிட்டால் சத்தம் செத்துப்போகும். காற்று நிறைந்த நுரையீரலின் மேல் ஒரு கணகணப்பு கேட்கும். வலது மார்பில் அப்படியே இறங்கிவந்தால் ஐந்தாவது விலா இடுக்கு வாக்கில் சத்தம் மந்தமாகும். அங்கே கல்லீரல் தொடங்குகிறது. நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருந்தால் கருங்கல்லைத் தட்டினாற்போல இருக்கும். காதுக்குக் கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். "தட்டுற விரல் இல்ல, கீழே படுத்திருக்கே அந்த விரல்தான் கேட்குது" என்பார் சீஃப். நகம் இருந்தால் அந்த விரல்தான் கிழிபடும்.

விடுதிக் கதவு, சாப்பாட்டு மேஜை, தண்ணீர்ப் பானை என்று கண்டதையெல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தோம். வார்டன் ஒருநாள் அறைக்கு வந்து யாருக்காவது பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டுப் போனார்.

இந்த வித்தையின் மூலவரைப் பற்றிச் சொல்லும்போது சீஃப் முகத்தில் ஒரு தனிச் சந்தோஷம் வரும். லியோபோல்ட் ஔவென்ப்ருகர், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துக்காரர், சத்திரம் நடத்தியவரின் மகன். பீப்பாயில் ஒயின் எவ்வளவு மிச்சம் என்று அப்பா தட்டிப் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர் என்பார்கள். 1761-ல் வியன்னாவில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஆரோக்கியமான மார்பைத் தட்டினால், கம்பளித் துணி போர்த்திய முரசைத் தட்டினாற்போல இருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார். சக வைத்தியர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார் 1808-ல் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷமே கிழவர் போய்ச் சேர்ந்தார். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கும். பாடப்புத்தகத்தில் இல்லாததை சீஃப் சொல்வார்: அந்த மனுஷன் இசையமைப்பாளர் சாலியேரிக்கு ஓர் இசை நாடகம் எழுதிக் கொடுத்தவர், 1781-ல் மேடையேறியது. "கேட்டுக்கோ, சங்கீதம் தெரிஞ்ச காதுய்யா அது. இல்லேன்னா மார்புக்குள்ள முரசு கேட்குமா?" ஸ்டெதாஸ்கோப்பை 1816-ல் கண்டுபிடித்த லென்னக்கும் புல்லாங்குழல் வாசித்தவர், மரத்தைத் தானே கடைந்து குழாய் செய்தவர் என்பதையும் விடாமல் சேர்த்துக்கொள்வார்.

முரசு என்று ஔவென்ப்ருகர் எழுதியதை சீஃப் தன் ஊருக்கு மாற்றிக்கொண்டார். "துணி போர்த்தின மிருதங்கம்" என்பதுதான் அவர் வாயில். அவரும் வாசித்தவர். சிறுவயதில் கும்பகோணம் பக்கத்தில் ஒரு வித்வானிடம் ஏழு வருஷம் கற்றுக்கொண்டு, மருத்துவம் படிக்கப் போனபோது விட்டுவிட்டார். ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"சுமாராத்தான் வாசிப்பேன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. சுமாரான மிருதங்கத்தை ஊர் கேட்டாகணும்னு என்ன தலையெழுத்து? சுமாரான டாக்டர்னா பொறுத்துக்கும். வேற வழி கிடையாது பாரு."

ஆனால் கை விடவில்லை. இதயம் தளர்ந்தவர்களுக்கு இரண்டு ஒலியோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்து குதிரை ஓடுவதுபோலக் கேட்கும். ஆங்கிலப் புத்தகங்கள் அதை நினைவில் வைக்க 'கென்டக்கி' என்று ஓர் அமெரிக்க மாநிலத்தின் பெயரைச் சொல்லிப் பழகச் சொல்கின்றன. நாங்கள் அந்த மாநிலத்தைக் கண்டோமா? சீஃப் கட்டில் விளிம்பில் விரலால் போட்டுக் காட்டுவார்: தகிட, தகிட, தகிட. அப்படிக் கேட்ட பிறகு அந்த ஒலியை எங்களில் யாரும் கோட்டைவிட்டதில்லை. மேலறைகள் துடிதுடித்து நாடி கன்னாபின்னாவென்று ஓடும் கேஸ் வந்தால், "தாளம் போட்டுப் பாரு" என்பார். நாங்கள் தொடையில் தட்டி எண்ணித் தோற்போம். "தோத்துட்டியா? அதான் டயக்னோசிஸ்."

ஒரு நாளை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். இதயம் பழுதாகி, கால் வீங்கி, தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் சாய்ந்தபடியே ஒரு பெரியவர் அட்மிட் ஆகியிருந்தார். சீஃப் அவர் நாடியைப் பிடிப்பதற்கு முன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்குகளில் சோப்புக்கு மசியாத கறுப்பு. வார் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்கள்.

"மிருதங்கம் கட்டுவீங்களா?"

"ஆமாங்கய்யா. அம்பது வருசமா அதான்."

அப்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு இளைஞனின் முதுகை என் நண்பன் தட்டிக்கொண்டிருந்தான். நீர் எந்த மட்டம் வரை கோத்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட வேண்டும். தட்டுகிறான், யோசிக்கிறான், மறுபடி தட்டுகிறான். ஒருவழியாகக் கோடு போட்டபோது பெரியவர் மூச்சு வாங்கியபடியே சொன்னார்: "தம்பி, கோவிச்சுக்காதீங்க. இன்னும் ரெண்டு விரக்கடை மேல போங்க. அங்கதான் மாறுது."

வார்டே ஒரு கணம் நின்றது. சிஸ்டர் அவரை அதட்ட வாயெடுத்தார். சீஃப் கை காட்டி நிறுத்திவிட்டு, தனக்காகப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து அந்தப் பெரியவர் கட்டிலருகே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரவுண்ட்ஸில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"நாள் பூரா அதானுங்களே வேலை. வலந்தலையில சோறு வைக்கிறப்ப, மாவு மாதிரி ஒரு கல்லுப் பொடியையும் சோத்தையும் குழைச்சு, இத்துணூண்டு வச்சுத் தேய்க்கிறது, காயவிடுறது, தட்டிப் பாக்குறது. மறுபடி இத்துணூண்டு. ஒரு வாட்டி தேய்ச்சதுக்கும் அடுத்த வாட்டிக்கும் சத்தத்துல மயிரளவுதான் வித்தியாசம் இருக்கும். இவர் முதுகுல அவ்வளவு கஷ்டமே இல்லீங்க. பளிச்சுன்னு இறங்குது."

நண்பன் மேலே போய்த் தட்டினான். இறங்கியது. எங்கள் காதுக்கே கேட்டது. மறுநாள் எக்ஸ்ரே படத்தில் நீர்மட்டம் ஏறக்குறைய அந்த இரண்டாவது கோட்டில்தான் இருந்தது.

சீஃப் எங்கள் பக்கம் திரும்பினார். "இவர் கட்டின வாத்தியத்தை மேடையில வாசிச்சவங்க பேரெல்லாம் உங்களுக்குத் தெரியும். இவர் பேரைக் கேட்டு எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டோம். அந்த நோட்டை ஒரு வீடு மாற்றலில் நான் தொலைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் தொலைத்த பொருள்களில் எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.

மிருதங்கம் கட்டுகிறவர்களில் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர் என்பதும், தோலோடு புழங்கும் அந்தக் கைகளின் கணக்கு சபாக்களின் பேச்சில் வராது என்பதும் அன்று எனக்குத் தெரியாது. அவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-ல் வந்தபோது ஒரே மூச்சில் படித்தேன். சீஃப் இருந்திருந்தால் அதை எங்கள் எல்லாருக்கும் தபாலில் அனுப்பியிருப்பார். அவர் சுபாவம் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய லாம்ப்ரட்டாவில் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வருவார். வர விருப்பமுள்ளவர்கள் வரலாம். வராதவர்களைத் திங்கட்கிழமை வேறு மாதிரி பார்க்க மாட்டார். நான் முதலில் போனது, போனால் தேர்வில் மார்க் கிடைக்கும் என்ற கணக்கில்தான். அந்தக் கணக்கு தப்பு என்று சீக்கிரமே புரிந்தது. அதற்குள் பழகிவிட்டது.

திருவெண்காட்டில் 1951 வாக்கில் மண்ணிலிருந்து கிடைத்த ரிஷபவாகன மூர்த்தி அங்கே இருக்கிறது. ராஜராஜன் காலத்தின் கடைசியில், ராஜேந்திரன் காலம் தொடங்குவதற்குச் சற்று முன், 1011-ல் வார்த்தது. சீஃப் எங்களை அதன் முன்னால் நிறுத்தி, "அரை மணி நேரம் பாருங்க. பேசாதீங்க. அப்புறம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்தார். அரை மணி நேரம் ஒரே சிலையைப் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டதுபோலத் தோன்றும். பிறகு கால் வலிக்கும். அதற்குப் பிறகுதான் உண்மையில் பார்க்கவே ஆரம்பிப்போம்.

தலைமுடியைத் தலைப்பாகைபோலச் சுற்றியிருப்பதைச் சொன்னோம். இடுப்பின் வளைவு, ஒன்றன்மேல் ஒன்று போட்ட கால், உதட்டோரச் சிரிப்பு என்று ஆளுக்கொன்று சொன்னோம். "சரி, சரி" என்று தலையாட்டினார். கடைசியில் அந்த மருதாணிக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், அந்தக் கை எதுமேலயோ இருக்கு."

"எதுமேல?"

"அங்க ஒண்ணுமில்ல சார்."

சீஃப் அன்று போலச் சிரித்து நான் பார்த்ததில்லை. இருந்தது, காளை. அது கிடைக்கவில்லை. சிவனார் மட்டும் சாய்ந்த வாக்கிலேயே நிற்கிறார். மடக்கிய முழங்கையின் உயரத்தையும் மணிக்கட்டு தளர்ந்திருக்கும் விதத்தையும் பார்த்தால் அந்தக் காளையின் திமில் எவ்வளவு உயரம், அது எவ்வளவு சாது என்றுகூடச் சொல்லிவிடலாம். ஸ்தபதி மெழுகில் பிடித்த சாய்வு அப்படி.

அடுத்த வாரம் வார்டில் பீடிப் புகையால் நுரையீரல் கெட்டுப்போன ஒருவர், கட்டில் சட்டத்தை இரு கையாலும் இறுகப் பிடித்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் வழக்கம்போல ஸ்டெத்தை எடுத்தோம். "அதைப் பையில போடு" என்றார் சீஃப். "எதுமேல சாஞ்சிருக்கார்னு முதல்ல பாரு." தோளை அசையாமல் ஊன்றிக்கொண்டால் கழுத்துத் தசைகளும் மார்புத் தசைகளும் விலாக்கூட்டை மேலே இழுப்பது எளிதாகும், மூச்சுக்குத் தவிக்கிறவர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். கலைக்கூடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அந்த முடிச்சை நாங்களே போட்டுக்கொண்டோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரைக் கலையால் நோய் தீர்க்கிற ஆசாமி என்று யாராவது நினைத்தால், அதைவிடத் தப்பு வேறில்லை. ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் ஒருவர் இன்ன ராகம் இன்ன வியாதியைப் போக்கும் என்று பட்டியலே வாசித்தார். அடுத்து நன்றியுரை சீஃப். "எனக்கு பைரவின்னா உயிர். ஆனா டி.பி.க்கு ஐசோநையாசிட்தான் கொடுக்கிறேன். பைரவி டி.பி. இல்லாதவங்களுக்கும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நன்றி சொல்ல மறந்துவிட்டார் என்று பிறகு புகார் வந்தது. மருந்து போலப் பயன்பட்டால்தான் சங்கீதத்துக்கு மதிப்பு என்கிற பேச்சு சங்கீதத்துக்கே அவமானம் என்பது அவர் கட்சி. எனக்கும் இன்றுவரை அதே கட்சிதான்.

ஸ்ரீபாத பினாகபாணிக்கு மியூசிக் அகாதெமி 1983-க்கான சங்கீத கலாநிதி விருது கொடுத்த செய்தி வந்த அன்று வார்டில் எல்லாருக்கும் காபி வாங்கிக்கொடுத்தார். கர்நூல் மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் பினாகபாணி. நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களைச் சிஷ்யர்களாகப் பெற்றவர். "ரெண்டு வேலையையும் முழுசாச் செஞ்சவர்" என்றார் சீஃப், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. சொன்ன தொனியில் ஒரு துளி பொறாமை இருந்தது. இருந்தால் என்ன?

படிப்பு முடித்து நான் வேறு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். 1988-ல் ஒரு நாள் ஓ.பி.யில் நல்ல கூட்டம். நாற்பது வயதுள்ள ஒரு அம்மாள், மூன்று வாரமாக இருமல், நடந்தால் எளைப்பு என்றார். ரவிக்கைக்கு மேலேயே ஸ்டெத்தை இரண்டு இடத்தில் வைத்து எடுத்தேன். மாத்திரையும் சிரப்பும் எழுதினேன். மொத்தம் ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும். பதினைந்து நாள் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று டூட்டியில் இருந்தது என்னைவிட இளையவர். முதுகைத் தட்டினார். வலப்பக்கம் பாதிக்கு மேல் கல். ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். காசநோய் நீர். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, அடுத்த பொங்கலுக்கு எனக்கே கரும்பு கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட கையைப் பற்றி என்ன சொல்ல?

சீஃபுக்கு நான்கு பக்கம் எழுதினேன். கூட்டம், வேலைச்சுமை, தூக்கமின்மை என்று மூன்றரைப் பக்கம் காரணம். அரைப் பக்கம் குற்ற ஒப்புதல். பத்து நாளில் போஸ்ட் கார்டு வந்தது.

"முதுகில் கை வைத்தாயா? இல்லை. இனி வைப்பாய். மே மாதம் மெலட்டூரில் பாகவத மேளா. பிரகலாத சரித்திரம். வரவும்."

போனேன். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு முன்னால் பந்தல், விடியவிடிய நாடகம். பெண் வேஷமும் ஆண்கள்தான். தெலுங்குப் பாட்டில் எனக்குப் பாதி புரியவில்லை. நரசிம்ம முகமூடி மேடைக்கு வரும்போது சனமெல்லாம் எழுந்து கும்பிட்டது. கோயிலுக்கே போகாத சீஃபும் எழுந்து நின்றார். என் கடிதத்தைப் பற்றி அந்த ராத்திரி முழுக்க அவர் பேசவே இல்லை. நான் பேச்சை எடுக்கப் பார்த்தபோது, "லீலாவதி வேஷக்காரர் நடையைப் பாரு, முழங்கால்ல வலி இருக்கு. மறைச்சு ஆடுறார்" என்றார். காலை எட்டு மணிக்கு அவர் தஞ்சாவூர் வார்டில் இருந்தார்.

ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து அவருக்குக் காது போக ஆரம்பித்தது. வயதில் முதலில் போவது மேல்ஸ்தாயி. கீழ் ஒலிகள் பிறகுதான். தன் நோயைத் தானே கேஸ் ஷீட் மாதிரி சொன்னார்: "வயலின் மேல போனா காணோம். பெண் குரல் பாதி காணோம். தொப்பி இருக்கு." மிருதங்கத்தின் இடப்பக்கம், அந்தக் கும்காரம், அது மட்டும் பழுதில்லாமல் கேட்டது. காதில் மாட்டிய மிஷின் கச்சேரியில் விசிலடித்து அக்கம்பக்கத்தவர் முறைக்க, அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார்.

2006 தையில் ஒரு கோயில் மண்டபக் கச்சேரிக்கு அவரை அழைத்துப் போனேன். மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவதால் சபைக்கு முகம் காட்டுவது வலந்தலை. தொப்பி மேடையின் பின்புறம் பார்த்திருக்கும். சீஃப் முன்வரிசை நாற்காலியை வேண்டாமென்று விட்டு, பின்னால் தூணடியில், ஜமுக்காளம்கூட இல்லாத தரையில் போய் உட்கார்ந்தார். பாடகரின் முதுகும் மிருதங்கக்காரரின் இடது கையும்தான் அங்கிருந்து தெரிந்தன. தனி ஆவர்த்தனம் முடியும்வரை அவர் இடது கை தூணின் மேல் ஒட்டியபடி இருந்தது. நடுவிரல் மட்டும் சற்று அழுந்தியிருந்தது. நகம் ஒட்ட வெட்டியிருந்தது.

2008-ல் இறந்தார். செய்தி எனக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது. போய்ச் சேர முடியவில்லை.

இப்போது எக்கோ இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது. கோத்த நீரை மில்லிலிட்டர் கணக்கில் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை, நானும் எழுதிக்கொடுக்கிறேன். ஆனால் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்காவது முதலில் வர வேண்டும். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரக்கணக்கில் இருமலோடு ஒரு டாக்டரிடம் போய், அவர் உங்கள் முதுகைத் தொடாமலே சீட்டு எழுத ஆரம்பித்தால், "சார், முதுகைக் கொஞ்சம் தட்டிப் பாருங்களேன்" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டு தட்டினால் அவரிடமே வைத்தியம் பாருங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரிடம் போங்கள்.